சுப்பாண்டியின் எசமானர்கள்

தில்லியின் வடகோடியில் உள்ள நரேலாவில் கடந்த மாதம் வீட்டுப் பணியாளர் சங்கத்தின் கூட்டம் ஒன்று நடந்தது. வந்திருந்த பெண்களில் பெரும்பாலோர் ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலின் கரையில் இருந்த மதராசி முகாமில் வாழ்ந்தவர்கள். தமிழகத்தின் வட மாவட்டங்களிலிருந்து ஒரு தலைமுறைக்கும் முன்பே தலைநகருக்குப் பிழைக்க வந்த குடும்பங்கள் அவை. 2025 ஜூன் 1 அன்று அந்த முகாம் புல்டோசர்களால் தரைமட்டமாக்கப்பட்டது. இடிக்கப்பட்டவை சுமார் 370 வீடுகள். பாதிக்குச் சற்றுக் கூடுதலானோரே மாற்றுக் குடியிருப்புக்குத் தகுதியானவர்கள் என்று அறிவிக்கப்பட்டார்கள். அவர்களுக்கும் இடம் கிடைத்தது நகரின் மறுகோடியான நரேலாவில். வேலை ஜங்புராவிலும் அதை அடுத்த குடியிருப்புகளிலும் இருக்கிறது. வீடு இங்கே இருக்கிறது. இடைப்பட்ட தூரத்தைப் பேருந்தில் கழிக்கும் நேரத்துக்குக் கூலி தருவார் யாருமில்லை.

சங்கத்தின் துண்டறிக்கையைத் தமிழாக்கித் தருவதும், பெண்கள் பேசுவதை இந்தித் தோழர்களுக்கு எடுத்துச் சொல்வதும் எனக்கு இடப்பட்ட பணி. கூட்டம் முடிந்து புறப்படும்போது நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் என்னைத் தனியே நிறுத்திக் கேட்டார்:

“அண்ணே, நீங்க படிச்சவங்க. சுப்பாண்டின்னா யாருண்ணே? எங்க மாமனார் பேரு அது. அந்த வீட்டுப் புள்ளைக்கு எப்படித் தெரியும்?”

விவரம் கேட்டேன். அவர் வேலை செய்யும் வீட்டின் எசமானியம்மாள் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில், ‘ஃப்ரிட்ஜ் முழுவதையும் காலி செய்து துடைத்து வை’ என்று இந்தியில் சொல்லியிருக்கிறார். ‘காலி’ என்ற சொல்லுக்கு இந்தியிலும் தமிழிலும் பொருள் ஒன்றுதான். இவரும் காலி செய்திருக்கிறார். மூன்று நாள் பழைய குழம்பையும், நீலப் பூசணம் படர்ந்திருந்த ஒரு பாலாடைக்கட்டியையும் குப்பையில் கொட்டிவிட்டார். அந்தப் பூசணம்தான் அந்தப் பாலாடைக்கட்டியின் மதிப்பே என்பதும், அது வெளிநாட்டுச் சரக்கு என்பதும் மாலையில் தெரியவந்தன. சம்பளத்தில் 800 ரூபாய் பிடித்தம். பக்கத்தில் நின்ற ஒன்பது வயதுப் பிள்ளை கைகொட்டிச் சிரித்து, “அம்மா, இந்த ஆன்ட்டி சுப்பாண்டி!” என்றதாம். அன்று முதல் அந்த வீட்டில் அவர் பெயர் அதுவே. “பாசமாத்தான் கூப்புடுதுண்ணே” என்றும் சேர்த்துக்கொண்டார்.

நான் அன்று அவருக்கு என்ன சொன்னேன் என்பதைக் கட்டுரையின் முடிவில் சொல்கிறேன். அதற்கு முன், அந்தப் பிள்ளை சொன்ன பெயரைப் பற்றி நாம் பேச வேண்டியிருக்கிறது.

யார் இந்தச் சுப்பாண்டி?

1980ல் பம்பாயில் அனந்த் பை அவர்களை ஆசிரியராகக் கொண்டு ‘டிங்கிள்’ என்னும் குழந்தைகள் படக்கதை இதழ் தொடங்கப்பட்டது. ‘அமர் சித்ர கதா’ வரிசையால் அதற்கு முன்பே பெயர் பெற்றிருந்தவர் அவர். வாசகக் குழந்தைகளுக்கு ‘அங்கிள் பை’. 1983ல் அந்த இதழில் சுப்பாண்டி தோன்றினான். திருச்சியைச் சேர்ந்த வாசகர் ஒருவர் எழுதியனுப்பிய கதைகளிலிருந்து பிறந்த பாத்திரம் அவன். ராம் வாயீர்கர் அவனுக்கு உருவம் கொடுத்தார். அவர் மறைவுக்குப் பின் அவர் மகள் அர்ச்சனா அம்பேர்கர் வரைந்தார். நெடிய, ஒடிசலான உடம்பு. விந்தையாக நீண்ட தலை. எப்போதும் மலர்ந்த முகம். கிராமத்திலிருந்து வந்தவன், வீடுகளில் எடுபிடி வேலை பார்ப்பவன், சொன்னதைச் சொன்னபடியே செய்து எதையாவது கெடுத்து வைப்பவன்.

நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. தாய் தந்தையர் படித்து வளர்ந்த சுப்பாண்டியைப் பிள்ளைகள் படிக்கிறார்கள். தனித் தொகுதிகளாக விற்கிறான், அசைபடமாகவும் வந்திருக்கிறான். இந்தியாவின் ஆங்கிலம் படித்த நடுத்தர வர்க்கத்தின் பேச்சில் ‘சுப்பாண்டி’ என்பது முட்டாளைக் குறிக்கும் பொதுப்பெயராகவே ஆகிவிட்டது. தமிழே அறியாத லக்னோ, போபால் வீடுகளிலும் சொல்லப்படும் தமிழ்ப் பெயர் என்று அதைச் சொல்லலாம். ஒரு படக்கதைப் பாத்திரத்துக்கு இதைவிடப் பெரிய செல்வாக்கு வேண்டியதில்லை.

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நானும் என் மகளுக்கு இந்தக் கதைகளைப் படித்துக் காட்டியிருக்கிறேன்; நானும் அவளும் வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறோம். வாயீர்கரின் கோடுகள் உயிருள்ளவை. இதைத் தமிழர்களை இழிவுபடுத்தும் பம்பாய்க்காரர்களின் சூழ்ச்சி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கதைகளை அனுப்பியவரே தமிழ்நாட்டு வாசகர். அறுபதுகளின் பம்பாயில் தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கிளப்பப்பட்ட வெறுப்பு அரசியல் வேறு கதை. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடுவது நேர்மையாகாது. இங்கே கேள்வி மொழியைப் பற்றியதன்று, வர்க்கத்தைப் பற்றியது.

ஒரே நகைச்சுவை, இரண்டு திசை

சுப்பாண்டிக் கதையின் கட்டுமானம் எளிது. எசமானர் ஒரு கட்டளை இடுகிறார். வேலைக்காரன் கட்டளையின் சொல்லைப் பிடித்துக்கொண்டு அதன் கருத்தை விட்டுவிடுகிறான். பொருள் நட்டமாகிறது அல்லது விருந்தினர் முன் மானம் போகிறது. எசமானர் தலையில் அடித்துக்கொள்கிறார். நாம் சிரிக்கிறோம். அடுத்த இதழில் மீண்டும் கட்டளை, மீண்டும் நட்டம்.

இந்த நகைச்சுவையைப் பம்பாய் கண்டுபிடிக்கவில்லை. இது உலகத்துக்கே பொதுவான நாட்டுப்புறச் சரக்கு. தமிழில் இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எழுதிய ‘பரமார்த்த குரு கதை’. குதிரையில் போகும் குருவின் தலைப்பாகை கீழே விழுகிறது. சீடர்கள் எடுக்கவில்லை. ‘விழுவதையெல்லாம் எடுக்க வேண்டாமா?’ என்று குரு கடிந்துகொள்கிறார். உடனே குதிரையின் சாணத்தையும் ஏந்திக்கொண்டு வருகிறார்கள். வெகுண்ட குரு, எடுக்கத்தக்கவை எவை என்று ஓலையில் ஒரு பட்டியல் எழுதிக் கொடுக்கிறார். பிறகு ஒருநாள் குருவே குழியில் விழுகிறார். சீடர்கள் ஓலையைப் படித்துப் பட்டியலில் உள்ள ஆடைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுக்கிறார்கள்; பட்டியலில் குருவின் பெயர் இல்லாததால் அவரை மட்டும் குழியிலேயே விட்டுவிடுகிறார்கள். குழிக்குள் கிடந்தபடியே தம்மையும் பட்டியலில் எழுதிச் சேர்த்த பிறகுதான் குரு வெளியே வருகிறார்.

சொல்லுக்குச் சொல் பணிவது என்னும் அதே நகைச்சுவைதான் இது. ஆனால் நாம் சிரிப்பது யாரைப் பார்த்து? சீடர்கள் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்றே பெயர் பெற்றவர்கள். இருந்தாலும் ஆடையிழந்து குழியில் கிடந்து தன் கட்டளையைத் தானே திருத்தி எழுதும் நிலை குருவுக்குத்தான் வருகிறது. கட்டளையிடுபவனின் மடமையைக் கட்டளையைக் கொண்டே அம்பலப்படுத்துகிறது கதை.

ஜெர்மானிய மக்களின் கதைநாயகன் டில் ஆய்லன்ஷ்பீகல் இன்னும் ஒரு படி மேலே போனவன். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சேறிய கதைகள் அவனுடையவை. கைவினைஞர் கூடங்களில் கூலிக்கு வேலை செய்பவன் அவன். ரொட்டிக்கடைக்காரரிடம் ‘இன்று என்ன சுடட்டும்?’ என்று கேட்கிறான். ‘ரொட்டிக்கடையில் என்ன சுடுவார்கள்? ஆந்தையையும் குரங்கையுமா?’ என்று எரிந்து விழுகிறார் முதலாளி. விடிவதற்குள் மாவு முழுவதையும் ஆந்தைகளாகவும் குரங்குகளாகவும் சுட்டு வைத்துவிடுகிறான். மாவுக்கான பணத்தை வசூலித்துக்கொண்டு முதலாளி அவனைத் துரத்துகிறார். அவனோ அவற்றை மாதா கோயில் வாசலில் விற்று, கொடுத்த பணத்தைவிடக் கூடுதலாகவே சம்பாதித்துவிடுகிறான். செக் எழுத்தாளர் ஹாஷெக்கின் படைவீரன் ஷ்வேக்கும் இந்த மரபில் வந்தவன்தான். முதல் உலகப் போரில் மேலதிகாரிகளின் ஒவ்வொரு ஆணைக்கும் அகமகிழ்ந்து கீழ்ப்படிந்தே ஆஸ்திரியப் பேரரசின் இராணுவத்தை நகைப்புக்கிடமாக்கியவன். பெர்டோல்ட் பிரெக்ட் பின்னர் அவனையே இட்லரின் காலத்துக்குக் கொண்டுவந்து ஒரு நாடகம் எழுதினார்.

உழைப்பவர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரித்த கதையில் சிரிப்பு மேல்நோக்கிப் பாய்ந்தது. அதே கதை எசமானரின் வரவேற்பறை மேசைக்கு வந்தபோது திசை கீழ்நோக்கித் திரும்பிவிட்டது. சுப்பாண்டியிடம் நான் காணும் குறை இதுவே. படக்கட்டம் முழுவதும் எசமானரின் நாற்காலியில் அமர்ந்து பார்க்கப்படுகிறது. கெட்டுப்போன பொருளின் விலை நமக்குத் தெரிகிறது. வேலைக்காரனின் மாதக் கூலி தெரிவதில்லை. அவன் எங்கே படுக்கிறான், எப்போது சாப்பிடுகிறான், ஊருக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை போகிறான் என்று கேட்கும் குழந்தையை இந்தப் படக்கதை உருவாக்கவில்லை.

‘சொன்னதைச் செய்’, ‘சொந்தப் புத்தி இல்லையா?’

வேலைக்கு ஆள் வைத்திருக்கும் எல்லா இடங்களிலும் இரண்டு வாக்கியங்கள் ஒலிக்கின்றன. ஒன்று: ‘நீ யோசிக்காதே, சொன்னதை மட்டும் செய்.’ மற்றொன்று: ‘உனக்கென்று புத்தி இல்லையா?’ இரண்டையும் சொல்வது ஒரே வாய்தான். பொருள் கெடாதவரை முதல் வாக்கியம், கெட்டுவிட்டால் இரண்டாவது. தானாகச் சிந்தித்து ஒன்றைச் செய்தால் திமிர். சிந்திக்காமல் செய்தால் மடமை. எந்த வழியில் போனாலும் தவறு வேலைக்காரனுடையது.

முதலாளித்துவம் இதை ஒரு விஞ்ஞானமாகவே வளர்த்தது. 1911ல் அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடெரிக் டெய்லர் ‘விஞ்ஞான நிர்வாகத்தின் கோட்பாடுகள்’ என்ற நூலை வெளியிட்டார். பெத்லகேம் இரும்பாலையில் வார்ப்பிரும்புத் துண்டுகளைச் சுமக்கும் தொழிலாளியைப் பற்றி அதில் எழுதுகிறார். நட என்றால் நடக்க வேண்டும், உட்கார் என்றால் உட்கார வேண்டும், எதிர்ப்பேச்சு கூடாது. அந்த வேலைக்கு உகந்தவன் மனத்தளவில் எருதை ஒத்த மந்தமானவனாக இருக்க வேண்டும் என்றும் கூசாமல் எழுதுகிறார். சிந்தனை நிர்வாகத்துக்கு, செயல் தொழிலாளிக்கு என்பதே அவர் வகுத்த பிரிவினை. இந்தப் பிரிவினையே ஏகபோக முதலாளித்துவத்தில் உழைப்பின் சீரழிவுக்கு அடிப்படை என்று 1974ல் ஹாரி பிரேவர்மேன் விரிவாக நிறுவினார். அந்தக் கணக்கின்படி பார்த்தால் சுப்பாண்டி டெய்லர் கனவு கண்ட இலட்சியத் தொழிலாளி. எருதைக் கேட்டவர்கள் எருது கிடைத்ததும் அதற்கு மூளையில்லை என்று சிரிக்கிறார்கள்.

தொழிற்சங்க அனுபவம் உள்ள தோழர்களுக்கு இங்கே வேறொன்றும் நினைவுக்கு வரும். ‘விதிப்படி வேலை’ என்பது நமது போராட்ட வடிவங்களுள் ஒன்று. வேலைநிறுத்தம் இல்லை, முழக்கம் இல்லை. விதிப்புத்தகத்தில் உள்ளதை எழுத்துக்கு எழுத்துச் செய்வது மட்டுமே. இரண்டே நாளில் பணிமனை திணறிப்போகும். ஏன்? எந்த உற்பத்தியும் எந்த அலுவலகமும் கட்டளைகளால் மட்டும் நடப்பதில்லை. கட்டளையில் விட்டுப்போனதை இட்டு நிரப்பி, தவறானதைத் திருத்தி, சொல்லாததையும் செய்து முடிக்கும் தொழிலாளியின் அறிவால் நடக்கிறது. அந்த அறிவுக்கு ஊதியப் பட்டியலில் இடமில்லை. அது நிறுத்தப்படும்போதுதான் அது இருந்ததே தெரியவருகிறது. சுப்பாண்டி தன்னையறியாமல் நடத்தும் ஒற்றை மனித ‘விதிப்படி வேலை’ப் போராட்டத்தைத்தான் நாற்பது ஆண்டுகளாக நாம் முட்டாள்தனம் என்று படித்துவருகிறோம்.

இதை நான் என் தொழிலிலிருந்தே அறிவேன். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் மொழிபெயர்ப்பு பாழாகும். மூலத்தில் இல்லாத ஒன்றை நான் என் அறிவிலிருந்து எடுத்து வைக்கும்போதுதான் வாக்கியம் தமிழில் நிற்கிறது. நன்றாக அமைந்துவிட்டால் என்னை யாரும் கவனிப்பதில்லை. பிழை நேர்ந்தால் உடனே கவனிக்கிறார்கள். இதில் எனக்கு வருத்தமில்லை, அது தொழிலின் இயல்பு. ஆனால் எனக்கு முன்னால் ஒரு மூலப் பிரதி இருக்கிறது, அகராதிகள் இருக்கின்றன, ஐயம் கேட்கத் தோழர்கள் இருக்கிறார்கள். நரேலாவிலிருந்து வேலைக்குப் போகும் அந்தப் பெண்ணுக்கு இருப்பது தொலைபேசியில் வந்த ஒற்றை வாக்கியமும், தான் கண்டறியாத ஒரு பாலாடைக்கட்டியும்.

வீட்டுக்குள் நுழையாத சட்டம்

‘ஒரு படக்கதைக்கு இவ்வளவு ஆவேசமா?’ என்பவர்கள் அந்தப் படக்கதையைப் படித்து வளர்ந்த வர்க்கம் வீட்டுப் பணியாளர்களுக்கு என்ன செய்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வீட்டுப் பணியாளர்களுக்கான மசோதா ஒன்று 1959லேயே நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. சட்டமாகவில்லை. அதன் பிறகும் வரைவுகள் பல வந்தன, போயின. அவர்களுக்கென்று நாடு தழுவிய தனிச்சட்டம் இன்றுவரை இல்லை. வீட்டுப் பணியாளர்களுக்கான கண்ணியமான வேலை குறித்த 189ஆவது உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011 ஜூன் 16 அன்று நிறைவேற்றியது. இந்திய அரசு அதற்கு ஆதரவாக வாக்களித்தது. ஏற்புறுதி மட்டும் செய்யவில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு மசோதா 2010ல் முதலில் வந்தபோது வீட்டுப் பணியாளர்கள் அதிலிருந்து விலக்கி வைக்கப்பட்டிருந்தார்கள். மகளிர் அமைப்புகள் போராடிய பிறகே 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றார்கள். 2020ல் நிறைவேற்றப்பட்ட தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு ‘தொழில்’ என்பதன் வரையறையிலிருந்து வீட்டுப் பணியை வெளிப்படையாகவே விலக்கி வைக்கிறது. 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றமே, இவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாத வெற்றிடத்தைச் சுட்டிக்காட்டி, ஒரு நிபுணர் குழு அமைக்குமாறு ஒன்றிய அரசைப் பணித்தது. சில மாநிலங்களில் குறைந்தபட்சக் கூலி அறிவிக்கப்பட்டிருப்பதும், நல வாரியங்கள் அமைந்திருப்பதும் போராடிப் பெற்ற முன்னேற்றங்கள்தாம். ஆனால் அந்தக் கூலி வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போகிறதா என்று பார்க்க ஆய்வாளர் யாரும் வருவதில்லை.

சட்டம் வீட்டுக்குள் நுழையாததற்குச் சொல்லப்படும் காரணம் எப்போதும் ஒன்றே: ‘வீடு ஒரு தொழிற்சாலையன்று, அவர்கள் எங்கள் குடும்பத்தில் ஒருவர்போல.’ குடும்பத்தில் ஒருவர்போல இருப்பவருக்குத் தனித் தட்டும், தனித் தம்ளரும், தனி மின்தூக்கியும் ஏன் என்பதை விட்டுவிடுவோம். ‘குடும்பத்தில் ஒருவர்’ என்றால் எந்த ஒருவர்? வளராத பிள்ளை. பாசத்துக்கு உரியவன், பொறுப்புக்கு உரியவனல்லன். கொடுத்ததை வாங்கிக்கொள்பவன், உரிமை கேட்காதவன். சுப்பாண்டி தரும் சித்திரம் இதுதான். அவன் உடம்பால் வளர்ந்த ஆள், நடத்தப்படுவதோ சிறுவனாக. சிறுவனோடு கூலி ஒப்பந்தம் செய்துகொள்பவர் யார்?

நம் இலக்கியமும் இதிலிருந்து முற்றிலும் தப்பிவிடவில்லை. பாரதியின் ‘கண்ணன் என் சேவகன்’ வேலைக்காரர்களைப் பற்றிய எசமானரின் புலம்பலோடுதான் தொடங்குகிறது. கூலி அதிகம் கேட்கிறார்கள், ஒருநாள் வராவிட்டால் ஆயிரம் சாக்குச் சொல்கிறார்கள் என்ற குறைகள் இன்றைய குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அப்படியே காணக்கிடைப்பவை. பிறகு வந்து சேரும் இலட்சியச் சேவகனாகிய கண்ணன் காசைப் பெரிதென்று கருதாதவன். அதன் பக்திப் பொருள் எனக்குத் தெரியாததன்று. வகுப்பறையில் நயந்து படித்த பாட்டுத்தான். ஆயினும் கூலி கேட்காத வேலைக்காரன் கடவுளாகத்தான் இருக்க முடியும் என்பதை மகாகவி தாம் எண்ணாமலே நமக்குச் சொல்லிவிடுகிறார் என்று இப்போது தோன்றுகிறது.

சுப்பாண்டி உண்மையில் எதிர்த்து நின்றால் என்ன ஆகும்? 2017 ஜூலையில் தில்லியை அடுத்த நொய்டாவின் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்தது அதற்கு விடை. திருட்டுப் பழி சுமத்தப்பட்ட ஒரு வீட்டுப் பணிப்பெண் இரவு முழுவதும் வீடு திரும்பவில்லை. மறுநாள் காலை அவருடைய உறவினரும் உடன் வேலை செய்வோரும் அந்தக் குடியிருப்பின் வாயிலில் திரண்டார்கள், கல் விழுந்தது. சிறைக்குப் போனவர்கள் பணியாளர்கள். வங்கத்திலிருந்து வந்த அந்த ஏழைகள் ஒரே நாளில் ‘வங்கதேசிகள்’ ஆனார்கள். 2025 ஜூலையில் குருகிராமில் அதுவே அரசு நடவடிக்கையாக நடந்தது. வங்கமொழி பேசும் உழைப்பாளிகள் ஆவணச் சோதனை என்ற பெயரில் பிடித்து அடைக்கப்பட, பலர் அஞ்சி ஊரைவிட்டே ஓடினார்கள். சில வாரங்களுக்கு அந்த நகரத்தின் மாளிகைகளில் பாத்திரம் துலக்க ஆளில்லை. அப்போது வந்த புலம்பல்களில் நகைச்சுவை இருக்கவில்லை.

எதிர்வாதங்கள்

‘இடதுசாரிகளுக்குச் சிரிக்கத் தெரியாது’ என்பார்கள். பரமார்த்த குருவையும் ஷ்வேக்கையும் மேலே குறிப்பிட்டிருக்கிறேன். அதுவே என் பதில். எங்களுக்குச் சிரிக்கத் தெரியும், சிரிப்பு எந்தப் பக்கம் பார்த்து வீசப்படுகிறது என்றும் பார்க்கத் தெரியும்.

‘குழந்தைகள் படிப்பதில் அரசியல் தேடலாமா?’ என்பார்கள். 1971ல் அலெண்டேயின் சிலியில் ஏரியல் டோர்ஃப்மனும் அர்மாண்ட் மட்டலாரும் டிஸ்னியின் டொனால்ட் டக் படக்கதைகளை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார்கள். 1973ல் பினோசேயின் இராணுவம் ஆட்சியைக் கவிழ்த்ததும் தீக்கிரையாக்கப்பட்ட நூல்களுள் அதுவும் ஒன்று. படக்கதையில் அரசியல் இல்லையென்றால், படக்கதையைப் பற்றிய புத்தகத்தைப் பார்த்துத் தளபதிகள் ஏன் மிரள வேண்டும்?

‘அப்படியானால் சுப்பாண்டியைத் தடைசெய்யச் சொல்கிறீர்களா?’ இல்லவே இல்லை. தடை கோருவது வேறு கூட்டத்தின் தொழில். பிற்காலக் கதைகளில் அவன் வேறு பல வேலைகளும் பார்க்கிறான் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. குழந்தைகள் சுப்பாண்டியை ஏன் இவ்வளவு நேசிக்கிறார்கள்? அவர்களும் நாள் முழுவதும் கட்டளைக்கு ஆளாகிறவர்கள். ‘உட்கார், எழுதாதே, வாயை மூடு, வாயைத் திறந்து பதில் சொல்’ என்று முரண்பட்ட ஆணைகளுக்கிடையே வாழ்கிறவர்கள். சொன்னதைச் செய்தும் திட்டு வாங்கும் ஒரே பெரிய மனிதன் இந்த உலகில் தங்களோடு இருக்கிறான் என்று அவர்கள் உணர்கிறார்கள். அவர்களுடைய முதல் சிரிப்பு சுப்பாண்டியோடு சேர்ந்து சிரிக்கும் சிரிப்பு. அதைச் சுப்பாண்டியைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பாக மாற்றிக்கொடுப்பவர்கள், வீட்டில் வேலை செய்யும் பெண்ணை அந்தப் பெயரால் அழைக்கும்போது கண்டிக்காமல் புன்னகைக்கும் பெரியவர்கள்.

நம்மிடமும் ஒரு குறை இருக்கிறது. அரசியல் எதிரிகளைச் ‘சுப்பாண்டி’ என்று ஏளனம் செய்யும் பதிவுகளை நம் இளந்தோழர்களும் பகிர்கிறார்கள். கோடீசுவரர்களின் கருவூலத்தைக் காக்கும் அமைச்சரை வேலைக்காரன் பெயரால் வசைபாடினால், இழிவுபடுவது அமைச்சரன்று, வேலைக்காரன். மாநாட்டுப் பந்தலில் நாற்காலியை மாற்றிப் போட்டுவிட்ட தொண்டரைப் பார்த்து அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிப்பதை நானே கேட்டிருக்கிறேன். அவருக்கு ‘சரியாகப் போடு’ என்று மட்டும் சொன்ன பொறுப்பாளரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. இந்தப் பழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும்.

இனி, அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னதற்கு வருகிறேன். நரேலாவின் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி சுப்பாண்டியின் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். எசமானர் சொல்வதை அப்படியே செய்கிற ஒரு வேலைக்காரன், அதனால் ஏற்படும் குழப்பம், அதைப் படித்து ஊரே சிரிப்பது. அவர் கவனமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“சொன்னதத்தானே செஞ்சிருக்கான். அப்ப, அப்படிச் சொன்னவங்க பேரு என்னண்ணே?”

நான் யோசித்துப் பார்த்தேன். அத்தனை கதைகள் படித்தும் சுப்பாண்டியின் எசமானர்களில் ஒருவர் பெயர்கூட என் நினைவில் இல்லை. நினைவில் நிற்பது வேலைக்காரனின் பெயர் மட்டுமே. “தெரியலம்மா” என்றேன். அவர் சிரித்தார். பேருந்து வந்தது.

கட்டளையிட்டவர்களின் பெயரைக் கேட்பதுதான் சங்கத்தின் வேலை. கட்டளை எழுத்தில் வேண்டும். வேலை நேரம், கூலி, வார விடுமுறை ஆகியவை ஒப்பந்தத்தில் வேண்டும். விசாரணையின்றிச் சம்பளத்தில் பிடித்தம் கூடாது. 189ஆவது உடன்படிக்கைக்கு அரசு ஏற்புறுதி அளிக்க வேண்டும். வீட்டுப் பணியாளர்களுக்கு நாடு தழுவிய சட்டம் வேண்டும். வரும் ஜூன் 16, சர்வதேச வீட்டுப் பணியாளர் தினத்தில், இந்தக் கோரிக்கைகளை ஒவ்வொரு குடியிருப்பின் வாயிலுக்கும் கொண்டுசெல்வோம். அந்த 800 ரூபாயைத் திரும்பப் பெறுவதற்கான மனுவைச் சங்கம் ஏற்கெனவே எழுதிவிட்டது. அதை இந்தியிலிருந்து தமிழாக்கி அவருக்குப் படித்துக் காட்டும் பொறுப்பு என்னுடையது. சொல்லுக்குச் சொல் அல்லாமல், அவருக்கு விளங்கும்படி.